ஒன்றரை வயதில் டைபாய்டு: எங்கள் வீட்டுக் கதை இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

திருப்பூர் அம்மா:
போன ஆனி மாதம் நடந்தது. பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. முதல் நாள் சாயங்காலம் 100, மறுநாள் 101, அப்புறம் படியேறுகிற மாதிரி 103 வரைக்கும் போய்விட்டது. கூடவே பேதி. "பல் முளைக்குது, அதான்" என்றார் என் அத்தை.

நான்காம் நாள் தெருமுனை லேபில் டைபாய்டு இருக்கிறதா என்று பார்க்கிற விடால் ரத்த டெஸ்ட் எடுத்தோம். நெகட்டிவ். அப்பாடா என்று வீட்டுக்கு வந்துவிட்டோம், அங்கேதான் ஏமாந்தோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்த குழந்தை மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டார். விடால் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய ஒரு வாரமாவது ஆகும். நான்காம் நாளில் என்ன இருக்கும்? இந்தக் கிருமி குடல் சுவரைத் தாண்டி, தன்னை விழுங்க வருகிற வெள்ளணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துமாம். போலீஸ் ஜீப்பிலேயே திருடன் ஏறிப் போகிற கதை.

ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு, அதாவது கிருமியையே வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு, ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் சால்மோனெல்லா டைஃபி, டைபாய்டு கிருமியேதான். ஐவி ஊசி நகராமலிருக்க மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி அவன் கையோடு வைத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு நாளும் அந்த அட்டையைத்தான் கடித்துக்கொண்டிருந்தான், சாதத்தைத் தொடவில்லை.

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கி நாலு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாத்துங்க என்று சண்டைக்கே போய்விட்டேன். டைபாய்டில் சரியான மருந்துக்கும் இவ்வளவு நாள் ஆகும் என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் ராத்திரி சட்டை நனைய வேர்த்தது. காலையில் ரசம் சாதம் கேட்டான்.

மதுரை அப்பா:
எங்களுக்கு நேர் தலைகீழ். மகளுக்கு மூன்று வயது, விடால் பாசிட்டிவ் என்று பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தோம். கடைசியில் பார்த்தால் டெங்கு. எப்போதோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருள் மிச்சமிருந்தாலும், வேறு காய்ச்சலிலும்கூட, விடால் பாசிட்டிவ் காட்டுமாம். ஒரே ஒரு விடாலை வைத்து மருந்து எழுதினால் இனி கல்ச்சர் எடுக்கலாமா என்று கேட்காமல் விடமாட்டேன்.

செவிலியர், தஞ்சாவூர் பக்கம்:
பல் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் வாக்கில் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறைந்துவிடும். குழந்தை தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற நேரமும் அதுதான், பல் முளைப்பதும் அப்போதுதான். பழி பல் மேல் விழுகிறது. இன்னொன்று, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன். குடலுக்குள் கிருமி ஒட்டவிடாமல் தடுக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் அந்தச் சீம்பாலில்தான் கொட்டிக்கிடக்கிறது.

டைபாய்டு தடுப்பூசியில் இரண்டு வகை உண்டு. பழையது கிருமியின் மேலுறையான சர்க்கரைப் பொருள் மட்டும். இரண்டு வயதுக்குள் இருக்கிற உடம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. புதிய கான்ஜுகேட் ஊசியில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு, பெரும்பாலும் டெட்டனஸ் டாக்சாய்டோடு (விஷம் நீக்கிய டெட்டனஸ் நச்சு), கோத்திருப்பார்கள். புரதத்தைப் பார்த்ததும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் துணைக்கு வரும், எதிர்ப்பு நினைவில் நிற்கும். அதனால் ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம்.

திருப்பூர் அம்மா:
நன்றிக்கா. ஒருமுறை வந்தாலும் மறுபடி வரலாம் என்பதால் குணமாகி ஒரு மாதம் கழித்து நாங்களும் கான்ஜுகேட் போட்டோம். அத்தை இன்னும் பல் என்றே சாதிக்கிறார். அந்த வாரம் கடைவாய்ப் பல் ஒன்று நிஜமாகவே முளைத்துத் தொலைத்ததால் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.