4 ஜிபி லெப்டொப்பில் வெர்ச்சுவல் மெஷின்: எந்த லினக்ஸ் தாங்கும்?

ஹட்டன்_ஐசிடி:
உயர்தர ஐசிடி பிள்ளைகளுக்கு பிஎச்பியும் டேட்டாபேஸும் பழக்க, விண்டோஸுக்குள்ளேயே தனிக் கணினி மாதிரி ஓடுற ஒரு வெர்ச்சுவல் மெஷின் வேணும். லெப்டொப் 4 ஜிபி ரேம், சுழலுற ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, மெஷினை ஓட்ட வெர்ச்சுவல்பொக்ஸ். மெஷினுக்கு 512 எம்பி ரேமுக்கு மேல கொடுத்தா விண்டோஸே இழுக்குது. லுபுண்டு லினக்ஸ்ல டெஸ்க்டொப் வந்து நிற்கறதுக்குள்ள பாடம் முடிஞ்சிடும். டேட்டாவையும் பார்த்துத்தான் செலவழிக்கணும். எதைப் போடலாம்?

பண்டாரவளை_ரூட்:
டெஸ்க்டொப் இல்லாத டெபியன் லினக்ஸ் போடுங்க சேர். 512 எம்பி தாராளம். ஆனா இன்ஸ்டோல் பண்ணும்போது மட்டும் 1 ஜிபி கொடுத்து, முடிஞ்சதும் குறைச்சிடுங்க. மென்பொருள் தெரிவு செய்யச் சொல்லும் திரையில டெஸ்க்டொப், க்னோம் ரெண்டு டிக்கையும் எடுத்துட்டு, எஸ்எஸ்எச் சேவருக்கு (விண்டோஸ்ல இருந்தே மெஷினுக்கு கமாண்ட் கொடுக்க) மட்டும் டிக் போடுங்க. டிஸ்க் 8 ஜிபி, டைனமிக் (பாவிக்கப் பாவிக்கத்தான் வளரும்).

பிரவுசர் மெஷினுக்குள்ள எதுக்கு? நெட்வேர்க்கை நாட்லயே (விண்டோஸ் வழியா இணையம் போற முறை) வெச்சு, போர்ட் ஃபோர்வேர்டிங்ல விண்டோஸ் பக்கம் 8080, மெஷின் பக்கம் 80 கொடுத்தா விண்டோஸ் பிரவுசர்லயே பிள்ளைகளோட பக்கம் திறக்கும். எஸ்எஸ்எச்சுக்கு 2222ஐ 22க்குத் திருப்புங்க.

அடுத்து ரேமைத் தின்னப்போறது மரியாடிபி டேட்டாபேஸ். அது டேட்டாவை ரேம்ல வெச்சிருக்கற இன்னோடிபி பஃபர் பூல் வழக்கமா 128 எம்பி. வகுப்புப் பயிற்சிக்கு 32 போதும். பிஎச்பியை ஓட்டுற பிஎச்பி எஃப்பிஎம்மை ‘ஒன்டிமாண்ட்’ (தேவைப்படும்போது மட்டும் எழும்பும்) முறைக்கு மாத்தி, ஒரே நேரத்துல ஓடுற சைல்ட் ப்ரோசஸ் எண்ணிக்கையை 3ஆக்குங்க. கூடவே இசட்ரேம் டூல்ஸ் போட்டு ரேம்ல 50 வீதம் கொடுங்க. இடம் பத்தாதப்போ ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடாம ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். சுழலுற டிஸ்க்ல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நுவரெலியா_முசல்:
டேட்டாதான் கவலைன்னா அல்பைன் லினக்ஸ் போடுங்க. டெபியன் நெட் இன்ஸ்டோல் கோப்பே 600 எம்பிக்கு மேல. அல்பைன்ல ‘வெர்ட்’ பதிப்பு அதுல பத்தில ஒரு பங்குதான் வரும், வெர்ச்சுவல் மெஷினுக்குன்னே செஞ்சது. 256 எம்பியிலயும் இந்த வேலை நடக்கும்.

ரெண்டு இடத்துல எல்லாரும் மாட்டுவாங்க. பூட் ஆனதும் அது ரேம்லதான் ஓடும். செட்அப் அல்பைன் ஓட்டி, டிஸ்க் கேள்விக்கு ‘சிஸ்’ (sys, டிஸ்க்லயே இன்ஸ்டோல் பண்ண) னு கொடுக்காட்டி ரீபூட்ல எல்லாம் போயிடும். மரியாடிபியை இன்ஸ்டோல் பண்ணினதும் ஸ்டார்ட் கொடுத்தா எழும்பாது. முதல்ல அதோட சேர்விஸ் ஸ்கிரிப்டுக்கு ‘செட்அப்’ கொடுத்து டேட்டா ஃபோல்டரை உருவாக்கணும், பிறகு பூட்ல தானா எழும்ப ஆர்சி அப்டேட்ல சேர்க்கணும்.

பண்டாரவளை_ரூட்:
அல்பைன் சின்னதுதான், மறுக்கல. ஆனா அதுல இருக்கற அடிப்படை சி லைப்ரரி டெபியன்ல உள்ள ஜிலிப்சி (glibc) இல்ல, முசல் (musl)ங்கிற வேற ஒண்ணு. வெளியில இருந்து இறக்கின ரெடிமேட் பைனரி பல ஓடாது. இணையத்துல கிடைக்கிற வழிகாட்டி பெரும்பாலும் டெபியன், உபுண்டுவுக்கு எழுதினது. பிள்ளைகள் வீட்டுல தனியா செஞ்சு பார்க்கறதுக்கு டெபியன்தான் நல்லது.

தலவாக்கலை_பிட்:
எதைப் போட்டாலும் முதல்ல வெர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலோட கீழ் மூலையைப் பாருங்க அண்ணே. பச்சை ஆமை இருந்தா ஹைப்பர்வி (விண்டோஸோட சொந்த வெர்ச்சுவல் மெஷின் வசதி) குறுக்கே நிற்குது, லினக்ஸை மாத்தி பிரயோசனமில்ல. விண்டோஸ் செக்யூரிட்டியில ‘மெமரி இன்டெக்ரிட்டி’யையும், விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஹைப்பர்வி, வெர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபோர்ம் ரெண்டையும் நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க. 64 பிட் தெரிவே வராட்டி பயாஸ்ல வெர்ச்சுவலைசேஷன் ஓஃப்.

நம்ம பக்கம் இடி மழைன்னா கரண்டு எப்ப போகும்னு சொல்ல முடியாது. பெட்டரி செத்த லெப்டொப்னா ஸ்டோரேஜ்ல ‘ஹோஸ்ட் ஐஓ கேஷ்’ டிக்கை எடுத்து வைங்க. அது இருந்தா, எழுதிட்டதா லினக்ஸ் நம்பின தகவல் விண்டோஸ் ரேமோட போயிடும். மெஷினை ஷட்டவுன் பண்ணிட்டு அதோட டிஸ்க்கான விடிஐ கோப்பை பென் ட்ரைவ்ல கொப்பி எடுங்க. பென் ஃபெட்32ல இருந்தா 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபெட்டா ஃபோர்மட் பண்ணணும்.