பைதானிலிருந்து வேறொரு புரோகிராமைக் கூப்பிட்டால் அப்படியே நிற்கிறது, அவசரம்

மாடிவீடு:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் சப்மீட்டர் பில் போட சி-யில் எழுதிய பழைய புரோகிராம் ஒன்று இருக்கிறது. வீட்டு எண், பழைய ரீடிங், புது ரீடிங் கேட்கும், பில் தொகை சொல்லும். கையால் அடித்தால் ஒழுங்காக ஓடுகிறது. பைதானிலிருந்து கூப்பிட்டால் எதுவும் வரவில்லை, நிற்கிறது. நாளைக்குள் எல்லா வீட்டுக்கும் பில் போக வேண்டும். உதவுங்கள்.

செம்பருத்தி:
விண்டோஸா, லினக்ஸா? பைதானில் எந்த ஃபங்ஷனால் கூப்பிடுகிறீர்கள்? கோடைப் போட்டால்தானே சொல்ல முடியும்.

ராஜாளி:
ஆன்டிவைரஸ்தான். ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பினால் சந்தேகப்பட்டுப் பிடித்து வைக்கும். அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

செம்பருத்தி:
அணைக்காதீர்கள். முதலில் டாஸ்க் மேனேஜரில் அந்தப் புரோகிராம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது.

பழையகை:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது. சப்பிராசஸ் (பைதானிலிருந்து வேறு புரோகிராமை ஓட்டும் பகுதி) ஆவணத்தை ஒரு தடவை முழுதாகப் படித்தவர் இதைக் கேட்கமாட்டார். வெளியீட்டைப் படிக்காமல் வெயிட் போட்டால் (முடியும்வரை காத்திருந்தால்) பைப், அதாவது இரண்டு புரோகிராமுக்கும் நடுவில் தகவல் போகும் குழாய், நிரம்பி இரண்டு பக்கமும் முடங்கும். லினக்ஸில் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கேபி. அனுப்புவதையும் படிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் கம்யூனிகேட் பயன்படுத்துங்கள். அடிப்படை இது.

மாடிவீடு:
விண்டோஸ் 10. டாஸ்க் மேனேஜரில் தெரிகிறது. பாப்பனால் கூப்பிடுகிறேன், உள்ளீடு வெளியீடு இரண்டும் பைப். ரீட்லைனில் (ஒரு வரி படிப்பது) கேள்வியைப் படித்துவிட்டு அப்புறம் எண்ணை எழுதுகிறேன். முதல் ரீட்லைனிலேயே நிற்கிறது.

குயவன்:
அப்படியென்றால் 64 கேபி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழையகை. ஒரு வரிகூட இன்னும் வெளியே வரவில்லை.

மாடிவீடு, நடப்பது இதுதான். சி-யில் பிரிண்ட்எஃப் எழுதுவது எதிரே திரை இருந்தால் உடனே தெரியும். எதிரே பைப் இருந்தால் பஃபரில், அதாவது நினைவகத்தில் ஒரு தற்காலிக இடத்தில், தங்கிவிடும். அது நிரம்பினால், அல்லது புரோகிராம் முடிந்தால்தான் வெளியே வரும். உங்கள் புரோகிராம் "வீட்டு எண்:" என்று கேட்டாகிவிட்டது, உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப்பில் பதிலுக்குக் காத்திருக்கிறது. கேள்வியோ அதன் பஃபரிலேயே கிடக்கிறது. பைதான் அந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறது. யாரும் நகரமாட்டார்கள்.

பஃபரைச் சரிசெய்தாலும் ரீட்லைன் விடாது. அதற்கு வரி முடிய வேண்டும். கேள்வி கேட்டு அதே வரியில் பதிலுக்கு நிற்கும் புரோகிராமில் வரி எங்கே முடிகிறது?

மூன்று பதிலும் முன்பே தெரியும் என்றால் கேள்வியைப் படிக்கவே வேண்டாம். மூன்றையும் ஒரே சரமாக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரிமுடிவு வைத்து, சப்பிராசஸ் ரன்-னில் இன்புட் என்று கொடுங்கள். டெக்ஸ்ட், கேப்சர் அவுட்புட் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். கடைசி பதிலுக்குப் பின்னாலும் வரிமுடிவு இருக்கட்டும்.

ராஜாளி:
இவ்வளவு எதற்கு? பதில்களை எக்கோ போட்டுக் குழாய்க்குறி வழியாக அனுப்புங்கள், ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) ட்ரூ வைத்தால் ஒரே வரி. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழையகை:
தயவுசெய்து புதியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் சரத்தை ஷெல்லிடம் கொடுப்பது ஆபத்து.

ராஜாளி:
மீட்டர் ரீடிங்கில் என்ன ஆபத்து? வெறும் எண்கள். யார் வந்து அதில் கட்டளை எழுதப்போகிறார்கள்?

பழையகை:
இன்றைக்கு எண், நாளைக்கு வீட்டுக்காரர் பெயரையும் சேர்ப்பார். எக்செல்லில் "ரவி & சன்ஸ்" என்று ஒரு கடை இருந்தால் போதும், சிஎம்டி (விண்டோஸின் ஷெல்) அந்தக் குறியோடு ஒரு கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த கட்டளையாக ஓட்டப் பார்க்கும். ஆபத்தை விடுங்கள், பில்லே தப்பாக வரும்.

ராஜாளி:
சரி, பெயர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எண்ணுக்கு மட்டும் என்றால் என் வழி ஓடும்.

மாடிவீடு:
குயவன் சொன்னபடி ரன் போட்டேன். இன்னும் நிற்கிறது. கடைசியில் "ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்" என்று வரும், அதனாலா?

செம்பருத்தி:
அதேதான்! அந்த இடத்தில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்சிஎச் இருக்கும். விண்டோஸில் அது உள்ளீட்டுப் பைப்பைத் தொடாது, நேரே கன்சோலில் விசையைப் படிக்கும். நீங்கள் பைப்பில் எதை அனுப்பினாலும் அதற்குப் போய்ச் சேராது. உறுதி செய்ய: பைதானை கமாண்ட் பிராம்ப்டிலிருந்து ஓட்டுங்கள், நின்றதும் அந்தக் கருப்புத் திரையில் ஒரு விசையைத் தட்டுங்கள். நகர்ந்தால் குற்றவாளி அதுதான். சோர்ஸ் இருக்கிறதா?

மாடிவீடு:
தட்டினேன், நகர்ந்தது, தொகையும் வந்தது! சோர்ஸ் இருக்கிறது.

கணினிப்பித்தன்:
சோர்ஸ் இருந்தால் மெயினின் முதல் வரியில் பஃபர் முறையை மாற்றும் செட்விபஃப் போட்டு வரிக்கு வரி வெளியேறும்படி வைத்துவிடுங்கள், பஃபர் தொல்லையும் தீரும்.

குயவன்:
லினக்ஸில்கூட அப்படி வைத்தால் வரி முடிந்தால்தான் வெளியேறும், இந்தக் கேள்வியில் வரி முடிவதில்லை. விண்டோஸில் வரிவாரியான பஃபர் என்று கேட்டாலும் முழு பஃபராகவே எடுத்துக்கொள்ளும். அங்கே பஃபரே வேண்டாம் என்று _ஐஓஎன்பிஎஃப் கொடுக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் பஃபரை உடனே வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ். ரன் வழியில் போனால் மாடிவீட்டுக்கு இரண்டும் தேவையில்லை. கெட்சிஎச் வரியை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

மாடிவீடு:
எடுத்தேன். ஓடுகிறது. பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

வைகைக்கரை:
எனக்கும் இதே சிக்கல், ஆனால் லினக்ஸ். சூடோ-வுக்கு (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது) கடவுச்சொல்லைப் பைப்பில் அனுப்புகிறேன், கண்டுகொள்ளவே இல்லை.

செம்பருத்தி:
சூடோ கடவுச்சொல்லை டெர்மினலில்தான் கேட்கும். பெரிய எழுத்து -எஸ் கொடுத்தால் உள்ளீட்டுப் பைப்பிலிருந்து படிக்கும். எந்தக் கட்டளைக்கு இது? புது இழையில் கோடோடு போடுங்கள்.