மூட்டுத் தேய்மானம்: நோயாளியிடம் எப்படிக் கேட்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர் நான். சீனியர்கள் கொஞ்சம் வழி சொல்ல வேண்டும்.

வயது 45 அல்லது அதற்கு மேல், நடந்தால் வேலை செய்தால் வலி, காலையில் எழுந்ததும் வரும் மூட்டு விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரே இல்லாமலே மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம். எனக்குச் சிக்கல் அந்த அரை மணி நேரத்தில்தான். நேற்று ஒரு பாட்டியிடம், "காலையில எந்திரிச்சா முட்டி எவ்வளவு நேரம் பிடிச்ச மாதிரி இருக்கும்மா?" என்று கேட்டேன். "வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, காப்பி வைக்கிற வரைக்கும் சாமி" என்றார். அது இருபது நிமிடமா, ஒரு மணி நேரமா? ஒரு மணி நேரம் என்றால், மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் முடக்குவாதத்தையும் (rheumatoid arthritis) யோசிக்க வேண்டுமே.

வேறு நோயாக இருக்கலாம் என்பதால் காய்ச்சல், எடை குறைவு, மூட்டு சூடாகி வீங்குவது, அடிபட்டது எல்லாம் தவறாமல் கேட்கிறேன். இடுப்பு மூட்டுக் கோளாறு முழங்கால் வலியாகத் தெரியலாம் என்பதால் தொடை இடுக்கு வலியையும் விடுவதில்லை.

அப்புறம், மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரை. கேட்டால் பலர் "ஒண்ணும் போடலைங்க" என்கிறார்கள். பையைத் திறந்தால் பாதி காலியான அட்டை இருக்கிறது. அல்சரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆபத்தாகலாம் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

விறைப்பு நேரம், வலி மாத்திரை, இந்த இரண்டையும் நீங்கள் எந்த வார்த்தையில் கேட்கிறீர்கள்? உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள், ப்ளீஸ்.