துணிப்பையில் ஸ்டென்சில்: சுழி கழன்று விழுது, ஓரம் கசியுது. உதவுங்க

நயினார்குளம்:
அண்ணாச்சிமாரே, ஓஎச்பி ஷீட்டுல (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) "நெல்லை"ன்னு வெட்டி, காடாத் துணிப்பையில ஸ்பாஞ்சு வச்சு துணிப் பெயிண்ட் அடிக்கேன். கொம்புச் சுழியை வெட்டினதும் உள்துண்டு தனியா விழுந்துருது. அந்த இடம் முழுக்க அப்பிருது. ஓரமும் கசியுது. பெயிண்ட் கெட்டியா இருந்ததால கொஞ்சம் தண்ணி விட்டேன். 60 பை அடிக்கணும்.

பேட்டை:
கசிவுக்குக் காரணம் அந்தத் தண்ணிதான் தம்பி. நூல் விளக்குத்திரி மாதிரி, இளகின பெயிண்ட்டை ஷீட்டுக்கு அடியில இழுத்துக்கிடும். டப்பாவுல இருக்கிற கெட்டியிலேயே அடிங்க. ஸ்பாஞ்சுல தொட்டதும் பழைய பேப்பர்ல நாலு தட்டு தட்டிட்டு, நேர் மேலிருந்து கீழா ஒத்துங்க. தேய்ச்சா ஓரத்துக்குள்ள புகுந்துரும். அடர்த்தி வேணும்னா மெலிசா 2 பூச்சு.

புதுக் காடாவுல கஞ்சி இருக்கும். துவைச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டு அடிங்க. இல்லன்னா கஞ்சியோட நிறமும் போயிரும். பைக்குள்ள அட்டை வைங்க. அடியில பாய் மட்டும் வேண்டாம். பத்தமடைப் பாயா இருந்தாலும் கோரை வரி எழுத்துல விழும்.

சுழிக்குப் பாலம் விடணும், அதாவது உள்துண்டை வெளி ஷீட்டோட பிடிச்சு நிறுத்துற வெட்டாத பட்டை: 2 மி.மீ. அகலம், சுழிக்கு 2, எதிரெதிரா. ஒண்ணு மட்டும் விட்டா உள்துண்டு கதவு மாதிரி ஆடும். பொடி ஓட்டையை முதல்ல வெட்டிட்டு அப்புறம் பெரிய கோடு. வளைவுல கத்தியைத் திருப்பாம ஷீட்டைத் திருப்புங்க.

நயினார்குளம்:
பாலம் விட்டா எழுத்து உடைஞ்ச மாதிரி தெரியுதே?

பேட்டை:
காய்ஞ்சதும் பிரஷ்ஷால அடைக்கலாம். 60 பைக்கு அது பெரிய ரோதனை.

சிந்துபூந்துறை:
அதனால ஸ்கிரீனுக்கு மாறுங்க. மரச்சட்டத்துல 43டி (செ.மீ.க்கு 43 நூல்) பாலியஸ்டர் மெஷ்ஷை, அதாவது வலைத்துணியை, விறைப்பா இழுத்து ஆணி அடிக்கணும். ஜப்பான்ல கட்டகாமிங்கிற காகித ஸ்டென்சில்ல பட்டு நூலை வச்சு உள்துண்டைப் பிடிச்சு நிறுத்துவாங்க. இங்க அந்த வேலையை மெஷ் பார்த்துக்கிடும். பாலமே வேண்டாம்.

செய்தித்தாள் கனத்துல காகிதம் வெட்டி, சுழித்துண்டோட கழிவுத் துணியில அதது இடத்துல அடுக்கி, மேல ஸ்கிரீனை இறக்கி, மையை ஊத்தி, ஸ்குவீஜியால (மையை இழுக்கிற ரப்பர் பட்டை) ஒரு இழுப்பு. மை ஈரத்துல எல்லாம் மெஷ்ஷோட ஒட்டிக்கிடும். காகிதம் ஊறிப்போகும், அதனால மூணை ஒண்ணா அடுக்கி வெட்டி வைங்க. மை: பைண்டர் (நிறத்தைத் துணியில ஒட்டவைக்கிற பசை) 100 கிராமுக்குப் பிக்மெண்ட் (நிறமி) 4 கிராம் போதும்.

ஆனி, ஆடி மேல்காத்துல மை மெஷ்ஷுக்குள்ளேயே காய்ஞ்சு ஓட்டையை அடைச்சிரும். ஜன்னலைச் சாத்துங்க. ஒவ்வொரு பை முடிஞ்சதும் ஸ்கிரீனைத் தூக்கி, அழுத்தாம மையை ஒரு தரம் மேல பரப்பி வைங்க. டீ குடிக்கப் போறதா இருந்தாலும் கழுவிட்டுப் போங்க; காய்ஞ்சா அந்த மெஷ் தேறாது.

நயினார்குளம்:
காகிதத்தைத் திருப்பி வைக்கணுமா? துவைச்சா நிக்குமா?

சிந்துபூந்துறை:
திருப்ப வேண்டாம், எழுத்து நேராத்தான் விழும். ஒரு நாள் காயவிட்டு, உள்பக்கம் வெளிய வர மாதிரி பையைப் புரட்டி, ஆவி இல்லாம காட்டன் சூட்டுல 3 முதல் 5 நிமிஷம் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கிட்டே தேய்ங்க. ஒரு பையைத் துவைச்சுப் பாத்துட்டு மிச்சத்தை அடிங்க.