இருட்டை எழுதினவளுக்குப் பக்கத்திலை நிக்கிறது பிழையோ?

பனையோலை:
எங்கட வாசிப்பு வட்டத்திலை இருக்கிற ஒரு தங்கச்சியின்ர முதல் நாவல் வந்திருக்கு. பதின்ம வயதுப் பிள்ளையளுக்கெண்டு எழுதினது. கதையிலை ஓ.எல். எழுதப்போற ஒரு பெட்டை. அவள் பிறக்க முன்னமே காணாமல் போன மாமனைப் பற்றி வீட்டிலை ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. ஆனா அம்மம்மா ஒவ்வொரு இரவும் அவருக்கு ஒரு கோப்பை சோறு போட்டு மூடி வைப்பா. விடியப் பாத்தா கோப்பை வெறுமையா இருக்கும். ஆர் சாப்பிடுறது எண்டு அவள் தேடிப் போறாள். நடுவிலை அவளின்ர சிநேகிதி உயிரை மாய்ச்சுக்கொள்ளுறாள்.

அன்பளிப்பாக் குடுத்த 5 பிரதியையும் ஒரு பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிவிட்டுது. "பிள்ளையளுக்கு உகந்ததில்லை" எண்டு ஒரு வரி எழுதி. அவள் இப்ப எழுதுறதையே விடப்போறன் எண்டு நிக்கிறாள். எழுதுற ஆக்கள் எல்லாரையும் கேக்கிறன்: ஆளுக்கு ரெண்டு பிரதி வாங்கி உங்கட ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் குடுங்கோ.

சுன்னாகம் ரீச்சர்:
திருப்பி அனுப்பினது எங்கட பள்ளிக்கூடம் இல்லைத் தம்பி. ஆனா நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். றிசல்ட் வாற இரவு என்ர வகுப்புப் பிள்ளையள் ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்து, குரலைக் கேட்டாப் பிறகுதான் நான் படுக்கிறது. சில வீட்டிலை போன் எடுக்கமாட்டினம். அந்தப் பத்து நிமிசம் எப்பிடிப் போகும் எண்டு எழுதுற ஆக்களுக்குத் தெரியுமோ?

இப்பிடியான சாவைச் செய்தியாக்கேக்குள்ளை முறையை விவரிக்காதேங்கோ, அதை ஒரு தீர்வு மாதிரிக் காட்டாதேங்கோ, உதவி எங்கை கிடைக்கும் எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ எண்டு உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லுது. பேப்பருக்கு ஒரு நியாயம், நாவலுக்கு ஒரு நியாயமோ?

பனையோலை:
முறை ஒரு வரியிலையும் இல்லை ரீச்சர். அடுத்த நாள் வகுப்பிலை வெறுமையா இருக்கிற கதிரைதான் அந்த அதிகாரம்.

சுன்னாகம் ரீச்சர்:
நானும் வாசிச்சனான். முறை இல்லை, ஓம். ஆனா அந்தப் பிள்ளை விட்டிட்டுப் போன கடிதம் அவ்வளவு அழகாயிருக்கு. அதுதான் எனக்குப் பயம்.

கொட்டடி வாசகன்:
எனக்குள்ள மறுப்பு வேறு. எழுத்தாளருக்கு எழுத்தாளர் "பின்னால் நிற்பது" என்பதை எத்தனை மண்டபங்களில் பார்த்துவிட்டோம்! மங்கள விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, பிறகு நயப்புரை. முதற்பிரதி வாங்குகிறவர் கவரை நீட்டுவார், படம் எடுப்பார்கள். அடுத்த மாதம் அதே ஆட்கள், மேடையில் மட்டும் இடம் மாறி இருப்பார்கள். புத்தகத்தைப் படித்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். அந்த நாவலின் கடைசி 40 பக்கம் தளர்ந்து கிடக்கிறது. உங்கள் வட்டத்தில் யாராவது அவரிடம் அதைச் சொன்னீர்களா?

பனையோலை:
சொன்னனாங்கள் அண்ணை. கையெழுத்துப் பிரதியிலை அந்த முடிவு 90 பக்கம். நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்து, சத்தமா வாசிச்சு வாசிச்சு வெட்டினது. ஒரு நாள் அழுதுகொண்டுதான் எழும்பிப் போனவள். இன்னும் தளர்வு இருக்கெண்டா வந்து சொல்லுங்கோ, அவள் கேப்பாள்.

எழுதுறவை ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிடுறது எல்லாம் முகஸ்துதி எண்டு நான் ஒத்துக்கொள்ளமாட்டன். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டிலை மல்லிகை எண்ட இலக்கிய இதழைத் தொடங்கினது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிச் சலூனிலை இருந்து. அட்டையிலை சக எழுத்தாளரின்ர, கலைஞரின்ர படங்களைப் போட்டார். இதழைத் தானே கையிலை கொண்டு திரிஞ்சு வித்தார். அந்த அட்டையிலை தங்கட முகத்தைப் பாத்து இன்னும் பத்து வருசம் எழுதின ஆக்கள் இந்த ஊரிலை இருந்தவை.

கொட்டடி வாசகன்:
ஜீவா சண்டையும் பிடித்தவர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாலு ஞாயிறு உட்கார்ந்து வெட்டியது எனக்குத் தெரியாது. "நயப்புரை" என்று சொன்னதை உங்கள் வட்டத்தைப் பொறுத்தவரை மீளப் பெறுகிறேன். மண்டபங்களைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கும்.

வதிரிப் பெட்டை:
நான் ஏ.எல். படிக்கிறன். எங்கட சனசமூக நிலையத்திலை அந்தப் புத்தகத்துக்கு ஆரோ கலண்டர்த் தாளாலை உறை போட்டிருக்கினம், அட்டையிலை இருக்கிற கிணறு தெரியாமல் இருக்க. நாலு பேர் பென்சிலாலை கோடு போட்டிருக்கினம். எல்லாரும் அந்தச் சோத்துக் கோப்பைப் பக்கத்திலைதான்.

எங்கட வீட்டிலை சித்தப்பான்ர படம் சுவரிலை தொங்குது. மாலை போடுறேல்லை, பொட்டும் வைக்கிறேல்லை. மாலை போட்டா அவர் இல்லையெண்டு நாங்களே சொன்ன மாதிரி. ஏனெண்டு ஆரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, அந்தப் புத்தகத்திலைதான் விளங்கினது. கிளிநொச்சியிலை 2017 பெப்ரவரியிலை காணாமல் போன பிள்ளையளைக் கேட்டு அம்மாமார் வீதியிலை இருக்கத் தொடங்கேக்குள்ளை நான் சின்னப்பிள்ளை. எங்களுக்கு இருட்டை மறைக்கோணும் எண்டு சொல்லுறியள். நாங்கள் அதுக்குள்ளைதானே இருந்து படிக்கிறம், ரீச்சர்.

மானிப்பாயான்:
என்ர அப்பாச்சி கொத்தி, முனி எண்டு பேயளைச் சொல்லிப் பயப்படுத்தாத இரவு இல்லை. புளியமரத்துக்குக் கீழை நான் இண்டைக்கும் ஒண்டுக்குப் போகமாட்டன். பயக்கதை எங்கட பிள்ளையளுக்குப் புதுசில்லை.

சுன்னாகம் ரீச்சர்:
அப்பாச்சி சொல்லேக்குள்ளை நீங்கள் அப்பாச்சியின்ர மடியிலை இருந்தனீங்கள். புத்தகத்தோடை பிள்ளை தனிய, இரவு பதினொரு மணிக்கு. அதுதான் வித்தியாசம்.

வதிரிப் பிள்ளை, நீ எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். அந்தப் படத்தைப் பற்றி நான் நினைச்சிருக்கேல்லை.

பனையோலை:
அப்ப மடியா நாங்கள் இருப்பம், ரீச்சர். வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, எழுதினவளும் வருவாள், பத்துப் பன்ரெண்டு ஏ.எல். பிள்ளையளும் வருவினம். அந்தக் கடிதத்தை நீங்களே எடுத்துக் கதையுங்கோ. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்தை மிச்சமிருக்கிற பிரதியளின்ர முதல் பக்கத்திலை ஒட்டுறதுக்கு ஸ்ரிக்கர் அடிக்கக் குடுத்திட்டன். உங்களைக் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது.

சுன்னாகம் ரீச்சர்:
வாறன். ஆனா அந்தக் கடிதம் அடுத்த பதிப்பிலை இருக்கக்கூடாது எண்டுதான் கதைக்க வாறன், புகழ இல்லை.

பனையோலை:
அதுக்குத்தான் கூப்பிடுறன். உங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கட்டோ?

சுன்னாகம் ரீச்சர்:
வேண்டாம், என்னட்டை ஒண்டு இருக்கு. போன தவணை ஒரு பிள்ளையின்ர விஞ்ஞானப் புத்தகத்துக்குள்ளை இருந்து பறிச்சது. அவளையும் கூட்டிக்கொண்டு வாறன்.