கோஸியஸ்கோ மலையில் பார்த்த முறுகிய மரம் யூகலிப்டஸ்தானா?

மலைநடை (கேள்வி):
ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் த்ரெட்போவிலிருந்து கோஸியஸ்கோ சிகரத்தை நோக்கி நடந்தபோது, உச்சிக்கு வெகு கீழேயே முடிந்துவிடும் ஒரு மரக்கூட்டத்தைக் கண்டேன். ஊட்டியில் பார்த்துப் பழகிய நெட்டை மரங்களைப் போலன்றி இவை குட்டையாக, வளைந்து முறுகி நின்றன. மழையில் நனைந்த பட்டையில் சாம்பல், மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு எனப் பட்டைபட்டையாக நிறங்கள் தெரிந்தன. இவையும் யூகலிப்டஸ்தானா? பல மரங்கள் வெளிறிப் பட்டுப்போய் நின்றதற்குக் காரணம் என்ன?

இலைநரம்பு:
யூகலிப்டஸ்தான். ஸ்னோ கம் எனப்படும் யூகலிப்டஸ் பாசிஃப்ளோரா இனம் அது. பட்டை உரிய உரிய நிறம் மாறிக்கொண்டே இருக்குமாதலால், நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பெரும்பாலான யூகலிப்டஸ்களில் நடுநரம்பிலிருந்து சாய்வாகப் பிரியும் பக்க நரம்புகள், இதில் ஏறத்தாழ அதற்கு இணையாகவே நுனிவரை ஓடுவதைக் காணலாம். அதுவே நிறத்தைவிட நம்பகமான அடையாளம். பாசிஃப்ளோரா என்றால் 'சில பூக்களே உடையது' என்று பொருள். கோடையில் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும் மரத்துக்கு இப்படியொரு பெயர்! பனி விழும் உயரங்களில் மட்டுமே வளர்கிறது என்பதால்தான் ஸ்னோ கம் என்கிறார்கள்.

பனிப்பள்ளம்:
கடைசி வாக்கியம் மட்டும் சரியன்று. தாஸ்மேனியாவில் கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலங்களிலும் இது வளர்கிறது. காற்று மட்டுப்பட்ட இடங்களில் 20 மீட்டர் வரை உயர்ந்துவிடும். கோஸியஸ்கோ பகுதியில் சுமார் 1,800 மீட்டருக்கு மேல் கோடை வெப்பம் போதாமையால் எந்த மரமும் நிலைப்பதில்லை. அந்த எல்லைவரை ஏறி நிற்பது இதுதான். விந்தை என்னவென்றால், அங்குள்ள சில பள்ளத்தாக்குகளின் அடியிலும் மரமே இராது. இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி அடியில் தேங்குவதால், அங்கே முளைக்கும் கன்று உறைபனியில் கருகிவிடுகிறது. அதனால் கீழே புல்வெளியும் மேலே சரிவில் ஸ்னோ கம்முமாக, மரவரிசை தலைகீழாகத் தெரியும்.

பட்ட மரங்களுக்குக் காரணம் இரண்டு. 2003இலும் 2019–20இலும் பரவிய பெருந்தீயில் தண்டு கருகினாலும், அடிமரத்தில் மண்ணோடு புடைத்திருக்கும் கட்டியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். ஒரே அடியில் பல தண்டுகளைக் கண்டிருந்தால் அவை தீயில் பிழைத்தவை. ஆனால் தீ அடுத்தடுத்து வந்தால் அந்தக் கட்டியின் சேமிப்பும் தீர்ந்துவிடும். தீயே தொடாமல் மரம் பட்டுப்போயிருந்தால், நீள்கொம்பு வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில் குறுக்காகக் குடைந்து சாறோட்டத்தை அறுத்திருக்கக் கூடும்.

மலைநடை:
என் படங்களில் கரி இல்லை. பட்டை உதிர்ந்த கட்டையில் குறுக்குக் கோடுகள்தான் தெரிகின்றன.

பனிப்பள்ளம்:
அப்படியானால் வண்டுதான்.