ஹாலுக்கு லைட் கிரே: ஐவரி டைல்ஸ், தேக்குக் கதவோடு எது சேரும்?

அழகாபுரம்_வீடு:

வணக்கம். சேலம் அழகாபுரத்தில் கொஞ்சம் பழைய வீடு. ஹால் 18க்கு 14 அடி, உயரம் 10 அடி. பெரிய சன்னல் வடக்குப் பார்த்தது. கிழக்கிலும் ஒரு சன்னல் உண்டு, ஆனால் ஆறடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர், செங்காவி நிறம். தரை ஐவரி விட்ரிஃபைடு டைல்ஸ். நிலை, கதவு எல்லாம் தேக்கு. வார்னிஷ் மஞ்சளோடிப் போயிருக்கிறது. விளக்கு 6500 கெல்வின் எல்இடி, அதாவது நீலம் அடிக்கும் பளீர் வெள்ளை. சுவரில் இப்போது கிரீம் எமல்ஷன். தெற்குச் சுவரில் தரையோரமாக ஒரு அடி உயரத்துக்கு உப்பு பூத்து உதிர்கிறது.

லைட் கிரே அடிக்க ஆசை. ஷேட் கார்டில் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் லேசாக நீலம் ஓடுகிறது, ஒன்று சுத்தமான சாம்பல், மூன்றாவது கொஞ்சம் மண் நிறம் கலந்தது. கார்டில் பார்க்க நடுவில் உள்ளதுதான் அழகு. ஆனால் கிரே அடித்தால் வீடு பூச்சோடு நின்றுபோன சிமெண்ட் கட்டடம் போல ஆகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எதை எடுக்கலாம்? சீலிங், திரை, சோபாவுக்கு என்ன நிறம்? எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

நிறக்கலவை:

மூன்றாவதை எடுங்கள். கார்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; உங்கள் தரையும் கதவும் ஏற்கெனவே பாதி முடிவைச் செய்துவிட்டன.

ஐவரி டைல்ஸ் மஞ்சள் பக்கம். வார்னிஷ் ஏறிய தேக்கு ஆரஞ்சு பக்கம். மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலை வைத்தாலும் கண் அதை எதிர்த்திசைக்கு, நீலம் கலந்த ஊதாவுக்குத் தள்ளிப் பார்க்கும். கார்டில் சுத்தமாகத் தெரியும் அதே சாம்பல் உங்கள் ஹாலில் நீலமாகத் தெரியும். கூடவே டைல்ஸ் அழுக்கேறிய மஞ்சளாகத் தெரியும். நீலம் ஓடும் ஷேடில் இது இன்னும் மோசம். தரை வெள்ளை மார்பிளாகவோ கருப்பு கிரானைட்டாகவோ இருந்தால் பதில் வேறு.

கடையில் ஒன்று கேளுங்கள். டின்டிங் மெஷின் வைத்திருப்பவர்களின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஷேடுக்கும் எந்தெந்த நிறமி எவ்வளவு என்று கணக்கு இருக்கும். வெள்ளை பேஸில் (நிறமி கலக்கும் முன் இருக்கும் பெயிண்ட்) கருப்பு மட்டும் சேர்த்த சாம்பல், தானாகவே கொஞ்சம் நீலம் அடிக்கும்; கரிக்கருப்பின் குணம் அது. கருப்போடு மஞ்சள் ஆக்சைடு சேர்ந்திருந்தால் அந்த நீலம் அடங்கும். சிவப்பு ஆக்சைடு கூடுதலாக இருப்பதை உங்கள் வீட்டுக்குத் தவிர்க்கவும். பக்கத்து வீட்டுச் செங்காவிச் சுவரில் மதியத்துக்கு மேல் வெயில் பட்டுத் திரும்பும் ஒளி உங்கள் ஹாலுக்குள்தான் வரும். சிவப்புச் சாயல் உள்ள சாம்பல் அந்த நேரத்தில் ரோஸாக நிற்கும். அதற்காகப் பச்சைச் சாயலுக்கும் போக வேண்டாம். கரண்ட் பேனல் பெட்டிகளுக்கு அடிக்கும் ரால் 7035 (ரால் என்பது நிறங்களுக்கு எண் தரும் பட்டியல்) லேசாகப் பச்சை அடிக்கும் சாம்பல்தான். அதை ஹாலில் அடித்தால் ஆபீஸ் களை வந்துவிடும்.

அடுத்தது வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு. பல ஷேட் கார்டுகளின் பின்புறம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும்: கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. உங்கள் ஹாலுக்கு 60 முதல் 68 வரை. 50க்குக் கீழே இறங்கினால்தான் வீட்டில் சொல்லும் சிமெண்ட் பயம் உண்மையாகும். 72க்கு மேல் போனால் சாம்பல் என்றே தெரியாது, வெள்ளை அழுக்கானது போல இருக்கும்.

வடக்குச் சன்னல் பற்றி ஒரு விஷயம். வடக்கு அறையில் வெயிலே வராது, ஒளி எப்போதும் குளிர்ந்த நீலம் என்று வெளிநாட்டு வீட்டு அலங்காரப் பக்கங்களில் படித்திருப்பீர்கள். சேலம் கிட்டத்தட்ட 11.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில் சாய்வெயில் நேராக விழும். மார்கழியில் அதே சன்னலில் வெறும் வான ஒளிதான். அதனால் சாம்பிள் பார்க்கும் மாதத்தையும் மனதில் வையுங்கள்: மே மாத வெயிலில் இதமாகத் தெரியும் ஷேடு டிசம்பரில் ஒரு படி நீலமாகும்.

சாம்பிளை இப்போதுள்ள கிரீம் சுவரில் நேரடியாக அடிக்காதீர்கள்; சுற்றியுள்ள கிரீம் கண்ணை ஏமாற்றும். 2 அடி சதுர பிளைவுட்டில் வெள்ளை பிரைமர் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, நடுவில் இரண்டு கோட்டு. காய்ந்ததும் சுவரை ஒட்டி நிமிர்த்தி, அடி டைல்ஸைத் தொடும்படி, நிலைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். காலை 8, மதியம் 1, மாலை 5, இரவு விளக்கில் என நான்கு நேரமும் பாருங்கள். போனில் படம் எடுத்து ஒப்பிட வேண்டாம். கேமரா வெண்மையைத் தானே சரிசெய்துகொள்வதால் முதலில் கெடுவது சாம்பல் நிறம்தான்.

வெளிச்சம்_சேலம்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் சாம்பிள் பார்ப்பதற்கு முன்னால் விளக்கை மாற்றுங்கள், பின்னால் அல்ல. 6500 கெல்வினில் மண் சாயல் சாம்பல் களையிழந்து பச்சையாகவோ ஈயம் போலவோ தெரியும். பலர் இதைப் பார்த்துவிட்டு ஷேடைக் குறை சொல்கிறார்கள். மஞ்சள் வெளிச்சமான 3000க்குப் போனால் சாம்பல் கிரீமாக மாறிவிடும். கிரே அடித்த பலனே இருக்காது. 4000 கெல்வின் சரி. டப்பாவில் சி.ஆர்.ஐ. (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அது குறைந்தால் தேக்கின் சிவப்பு செத்துப்போகும். ஒரே ஹாலில் ஒரு பக்கம் 6500, ஒரு பக்கம் 3000 என்று கலந்து போட வேண்டாம். ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும்.

இனி ஜோடி. சீலிங்குக்கு நீலம் அடிக்கும் பளீர் வெள்ளை வேண்டாம். அதன் கீழே மண் சாயல் சாம்பல் அழுக்காகத் தெரியும். கொஞ்சம் இதமான ஆஃப் ஒயிட் எடுங்கள். அல்லது சுவருக்கு எடுத்த ஷேடையே கால் பங்கு நிறமியில் கலந்து தரச் சொல்லுங்கள், அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

தேக்கின் மேல் சாம்பல் பெயிண்ட் அடிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த நிறத்துக்கு உயிர் தருவதே மரம்தான். பழைய வார்னிஷை மரம் தெரியும் வரை தேய்த்து எடுத்து, மஞ்சளாகாத வாட்டர் பேஸ்டு மேட் பாலியூரித்தேன் அடித்தால் ஆரஞ்சு குறைந்து மரத்தின் பழுப்பு வெளியே வரும்.

திரைக்கும் சோபாவுக்கும் இன்னொரு சாம்பல் எடுக்காமல் இருப்பது நல்லது. சாயல் வேறான இரண்டு சாம்பல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்று ஊதாவாகவும் மற்றது பச்சையாகவும் பிரிந்து நிற்கும். திரை வெளுக்காத பருத்தி நிறம். சோபா பாட்டில் கிரீன் அல்லது அடர் பழுப்பு. குஷனில் கடுகு மஞ்சள். இவ்வளவு போதும்.

பட்டி_ரோலர்:

கலர் எல்லாம் அப்புறங்க. முதல்ல அந்த உப்புச் சுவரைப் பாருங்க. அதுமேல பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கே உரிஞ்சுரும், சாம்பல் கலர்ல வெள்ளை உப்பு இன்னும் எடுப்பாத் தெரியும்.

ஓதம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. வெளிப்பக்கம் செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா, மண் மட்டம் உள்தரையைவிட மேல இருக்கா, அந்தச் சுவருக்குப் பின்னாடி பாத்ரூம் பைப்பு போகுதா? அதை நிறுத்தின பிறகு உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு மறுபடி உள்ள போயிரும். கண்ணுக்குத் தெரியுற கோட்டுக்கு மேல இன்னும் ஒரு அடி சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்துப் புதுசாப் பூசணும். புதுப் பூச்சு 28 நாள் காயணும். அப்புறம் ஒன்றரை அடி சதுர பாலிதீனை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் நீர் கோத்திருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். காத்திருங்க.

மத்த சுவர்ல பழைய எமல்ஷன் கெட்டியா இருந்தா முழுசாச் சுரண்ட வேண்டாம். 180 எமரி போட்டுத் தேய்ச்சு, குழி விழுந்த இடத்துக்கு மட்டும் பட்டி, மறுபடி 320 எமரி, தூசி தட்டி பிரைமர். பட்டி பார்த்த இடத்தை ராத்திரியில ஒரு பல்பைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில பிடிச்சுப் பாருங்க. மேடு பள்ளம் எல்லாம் நிழலாத் தெரியும். கிரீம் மறைச்ச குறையை கிரே மறைக்காது. அதனாலயே ஹாலுக்கு மேட் அல்லது ரொம்பக் கம்மி ஷைன், பளபளப்பு வேண்டாம்.

கணக்கு: சுற்றளவு 64 அடி, உயரம் 10, மொத்தம் 640 சதுர அடி. வாசல், சன்னல் கழிச்சா சுமார் 560. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடின்னு வச்சா 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 4 லிட்டர் ஒண்ணு, 1 லிட்டர் ரெண்டு, ஆக 6 வாங்குங்க. சீலிங் 252 சதுர அடி, 3 லிட்டர் போதும். எல்லாத்தையும் ஒரே நாள்ல ஒரே கடையில கலக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் பெரிய வாளியில மொத்தமா ஊத்திக் கலந்துருங்க. டின்னுக்கு டின் ஒரு சொட்டு நிறமி மாறினாலும் கிரேயில காட்டிக் குடுத்துரும். தண்ணி சேர்க்குறதை டின்மேல போட்ட அளவுப்படி அளந்து ஊத்துங்க. குடிக்கிற தண்ணியாவே இருக்கட்டும், உப்புத் தண்ணி போர்வெல் வேண்டாம்.

அடிக்கிற விதத்துல நடக்குற தப்பு ஒண்ணு இருக்கு. ஹால் முழுக்க ஓரத்தைப் பிரஷ்ல அடிச்சு முடிச்சுட்டு அப்புறம் ரோலரை எடுப்பாங்க. ஓரம் காய்ஞ்சதுக்கு மேல ரோலர் ஏறுறதால சுத்தி சட்டம் போட்டாப்ல அடர்த்தியாத் தெரியும். ஒரு சுவரோட ஓரம், உடனே அதே சுவருக்கு ரோலர், ஈரம் காயுறதுக்குள்ள மூலைக்கு மூலை முடிச்சுட்டு அடுத்த சுவர். பின்னால கறை பட்டா அந்த இடத்துல மட்டும் தொட்டு அடிக்காதீங்க, திட்டாத் தெரியும். அந்தச் சுவரை முழுசா ஒரு கோட்டு அடிக்கணும்.

லேக்_ரோடு:

இதே ஷேடை ஏற்காட்டில் அடிக்கலாமா? சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பழைய வீடு, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், சன்னல் ஓரங்களில் கரும்பூசணம்.

மலைவீட்டுப்_பராமரிப்பு:

அதே ஷேடு வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனியில் ஒளி நிழலே இல்லாமல் தட்டையாக வரும். அதில் சாம்பல் சோர்ந்துவிடும். சுற்றி மரம் இருப்பதால் உள்ளே வரும் ஒளியிலும் பச்சை இருக்கிறது. அழகாபுரத்துக்குத் தவிர்க்கச் சொன்ன சிவப்பு ஆக்சைடு உங்களுக்குத்தான் வேண்டும்; அது பச்சையை அடக்கும். எல்.ஆர்.வி. 70க்குப் பக்கம், விளக்கு 3000 கெல்வின்.

சுவர் சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஒயிட் சிமெண்ட் பட்டியும் எமல்ஷனும் போடாதீர்கள். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். மேலே பிளாஸ்டிக் படலம் போட்டு அடைத்தால் ஈரம் பின்னால் தேங்கி, பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும். நீற்றிய சுண்ணாம்பில் கருப்பு ஆக்சைடும் மஞ்சள், சிவப்பு ஆக்சைடும் கலந்து மெல்லிய கோட்டாக மூன்று நான்கு முறை அடியுங்கள். நிறமி சுண்ணாம்பின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் பல படி வெளுக்கும், அதனால் காய்ந்த சாம்பிளை மட்டும் நம்புங்கள்.

பூசணத்தை அப்படியே மூடி அடிக்க வேண்டாம். பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, 15 நிமிடம் விட்டு, தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், பிளீச்சோடு ஆசிட் எதையும் கலக்காதீர்கள்.

பின்னால் சேர்த்துக் கட்டிய சிமெண்ட் பூச்சு அறைகளில் எமல்ஷன் அடிக்கலாம். ஆனால் மூடுபனி விலகிய நேரத்தில் மட்டும், காலை 10 முதல் மதியம் 3க்குள். கோட்டுக்கு நடுவே டின்னில் போட்ட 4 மணி நேரம் இங்கே போதாது, இரட்டிப்பாக விடுங்கள். ஈரக்காற்றில் மெதுவாகக் காய்ந்தால் நிறமியோடு இருக்கும் சோப்புப் பொருள் மேலே கசிந்து, பழுப்பாகப் பிசுபிசுத்த கோடுகள் ஒழுகும். பெயிண்ட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின் வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகத் துடைத்தால் போகும்.

பழைய சன்னல் கம்பிகளில் எனாமல் இருந்தால் உலர வைத்துத் தேய்க்க வேண்டாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலின் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து. தண்ணீர் விட்டு ஈர எமரியில் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்தெடுங்கள்.

அழகாபுரம்_வீடு:

மிக்க நன்றி. தெற்குச் சுவருக்கு வெளியே செடித்தொட்டி வரிசை இருக்கிறது, அதை முதலில் நகர்த்துகிறேன். 6 லிட்டரில் மீதி வந்தால் எப்படி எடுத்து வைப்பது?

பட்டி_ரோலர்:

தண்ணி கலக்காததை மட்டும் எடுத்து வைங்க, கலந்தது கெட்டு நாத்தம் எடுக்கும். பெரிய டின்ல அடியில கொஞ்சமா விடாம, வாய் நிறையுற அளவு சின்ன டப்பாவுக்கு மாத்தி இறுக்க மூடி, வெயில் படாத இடத்துல வைங்க. டப்பா மேல ஷேடு எண், பேஸ் பேரு, கலந்த தேதி, எந்தச் சுவர்னு எழுதிருங்க. பழைய டின்னுல ஒட்டுன நிறமிக் கணக்குச் சீட்டையும் போட்டோ எடுத்துக்கங்க. அடுத்த தடவை கடையில அதைத்தான் கேப்பாங்க.